பாதையின் எல்லையை வகுப்பவர் யார்? மனிதச் செல் சமிக்ஞைப் பாதைத் தரவுத்தளங்கள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனிதச் செல்களில் நிகழும் சமிக்ஞைக் கடத்தல் குறித்து ஆய்விதழ்களில் சிதறிக் கிடக்கும் செய்திகளைத் திரட்டி, பாதைகளாக வகுத்து வழங்கும் தரவுத்தளங்கள் இன்றைய உயிரியல் ஆய்வின் அன்றாடக் கருவிகளாக உள்ளன. இவற்றின் முடிவுகள் இயற்கையின் நேர்ப்பதிவு போலவே ஆய்வேடுகளில் எடுத்தாளப்படுகின்றன. ஆயினும் ஒவ்வொரு பாதையும் எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது, எந்தச் சான்று ஏற்கத்தக்கது, எந்தச் சூழலை விட்டுவிடலாம் என்பன தொகுப்பாளர்களின் தீர்மானங்களே. கெக், ரியாக்டோம், நெட்பாத், விக்கிபாத்வேஸ் முதலிய தரவுத்தளங்களை முன்வைத்து, அத்தீர்மானங்கள் ஆய்வு முடிவுகளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சமிக்ஞைப் பாதைத் தரவுத்தளத்தை ஒரு பதிப்பாகக் கருதி, அதன் பதிப்பாசிரியரையும் பதிப்பாண்டையும் சான்றையும் கேட்டறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: சமிக்ஞைப் பாதை, சான்றாய்ந்து தொகுத்தல், தரவுத்தளம், நெட்பாத், ரியாக்டோம், கெக், செறிவுப் பகுப்பாய்வு.

முன்னுரை

செல் தனித்து இயங்குவதில்லை. ஒரு ஹார்மோனோ அண்டைச் செல் வெளியிட்ட வளர்ச்சிக் காரணியோ செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் பிணையும்போது, ஏற்பியின் உட்பகுதி மாற்றமடைகிறது. அம்மாற்றம் அடுத்தடுத்த புரதங்களுக்குக் கைமாறுகிறது. பெரும்பாலும் பாஸ்பரிகரணம் என்னும் வேதிமாற்றத்தின் வழியே உட்கருவரை சென்று, சில மரபணுக்களின் படியெடுத்தலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. இவ்வாறு செய்தி கைமாறும் வரிசையையே சமிக்ஞைப் பாதை என்கிறோம்.

இப்பாதைகளைப் பற்றிய அறிவு ஒரே நூலில் கிடைப்பதன்று. இரு புரதங்கள் பிணைகின்றன என்பதை ஓர் ஆய்வுக்கட்டுரை காட்டும். அவற்றுள் ஒன்று மற்றொன்றின் எந்த அமினோ அமிலத்தைப் பாஸ்பரிகரணம் செய்கிறது என்பதைப் பத்தாண்டு கழித்து வேறொரு கட்டுரை காட்டும். இத்தகைய ஆயிரக்கணக்கான கட்டுரைகளைப் படித்து, ஏற்பன ஏற்று, விடுவன விட்டு, கணினி படிக்கத்தக்க வடிவில் ஒழுங்குபடுத்தும் பணியை இக்கட்டுரை ‘சான்றாய்ந்து தொகுத்தல்’ எனக் குறிக்கிறது. அப்பணியைச் செய்பவர் தொகுப்பாளர்.

தொகுப்பாளரின் இடம் பழஞ்சுவடிகளைப் பதிப்பித்தவரின் இடத்தை ஒத்தது. பல படிகளை ஒப்பிட்டு மூலபாடம் இதுவெனத் துணிந்த பதிப்பாசிரியரின் கைவண்ணம் நூலில் எங்கும் உண்டு. பாடவேறுபாடுகளை அவர் அடிக்குறிப்பில் காட்டியிருந்தால் அத்துணிவை நாம் சோதிக்கலாம். காட்டாதிருந்தால் அவர் துணிவையே மூலம் என மயங்குவோம். சமிக்ஞைப் பாதைகளைக் கையாளும் ஆய்வாளர்களிடம் இம்மயக்கம் பரவலாக உள்ளது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

தரவுத்தளங்களும் அவற்றின் கொள்கைகளும்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் மினோரு கனேஹிசா 1995இல் தொடங்கிய கெக் இவற்றுள் மூத்தது. அதன் பாதைகள் கையால் வரையப்பட்ட பொது வரைபடங்கள். ஒரு வரைபடத்தை முதலில் உயிரினப் பொதுமையுடன் வரைந்து, பிறகு அந்தந்த உயிரினத்தில் ஒத்த மரபணு உள்ள பெட்டிகளை மட்டும் நிறமிட்டு மனிதனுக்குரியது, எலிக்குரியது எனப் பிரித்துக் காட்டுவது அதன் முறை. ஒரே குழுவின் கையில் உருவானதால் வரைபடங்களிடையே ஒருசீர்மை உண்டு. எனினும் ஒரு பெட்டிக்கும் மற்றொரு பெட்டிக்கும் இடையிலான அம்புக்குறி எந்த உயிரினத்தில், எந்தச் சோதனையால் நிறுவப்பட்டது என்பதை வரைபடம் தன் முகத்தில் சொல்வதில்லை.

ரியாக்டோம் வேறொரு கொள்கையுடன் எழுந்தது. லிங்கன் ஸ்டைன், பீட்டர் டி’யூஸ்டாக்கியோ முதலியோரின் முயற்சியில் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் கூட்டுப்பணியாக வளர்ந்த இத்தரவுத்தளத்தின் அடிப்படை அலகு வினை. துறை வல்லுநர் எழுதுகிறார், தொகுப்பாளர் அதை வினைகளாகப் பகுக்கிறார், மூன்றாமவர் மதிப்பிடுகிறார். ஒரு வினை மனிதச் செல்லில் நேரடியாகக் காட்டப்படாமல் எலியில் மட்டும் காட்டப்பட்டிருந்தால், எலிக்குரிய வினையைத் தனியே பதிந்து, அதிலிருந்து மனித வினை உய்த்துணரப்பட்டது என்று குறிக்கும் வழக்கம் இதற்கு உண்டு. ஒவ்வொரு பாதைக்கும் நிலையான அடையாள எண்ணும் பதிப்பு எண்ணும் தரப்படுகின்றன.

நெட்பாத் இந்தியாவில் உருவானது. பெங்களூருவிலுள்ள உயிர்த்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அகிலேஷ் பாண்டே குழுவும் இணைந்து உருவாக்கிய இத்தரவுத்தளம் 2010இல் ‘ஜீனோம் பயாலஜி’ இதழில் விரிவாக அறிமுகமானது. அப்போது அதில் நோய்த்தடுப்பு சார்ந்த 10 பாதைகளும் புற்றுநோய் சார்ந்த 10 பாதைகளும் இருந்தன. புரதப் பிணைப்பு, நொதிவினை, இடப்பெயர்ச்சி, மரபணு ஒழுங்கமைவு எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய ஆய்வுக்கட்டுரையுடன் இணைத்தனர். இதே குழுவினர் அதற்கு முன்பே மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளத்தை உருவாக்கியவர்கள்.

விக்கிபாத்வேஸ் 2008இல் அறிமுகமானது. சான்பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனமும் நெதர்லாந்தின் மாஸ்திரிக்ட் பல்கலைக்கழகமும் முன்னெடுத்த இம்முயற்சியில் எந்த ஆய்வாளரும் பாதையை வரையலாம், திருத்தலாம். திருத்த வரலாறு காக்கப்படும். ரோம் நகரின் டோர் வெர்கட்டா பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவரும் சிக்னோர், ஒரு புரதம் மற்றொன்றைத் தூண்டுகிறதா ஒடுக்குகிறதா என்னும் காரண உறவை முதன்மைப்படுத்துகிறது.

வரைபடத்தை நோக்கியது ஒன்று, வினையை நோக்கியது மற்றொன்று, ஏற்பியை மையமாகக் கொண்டது இன்னொன்று என்னும் இவ்வேறுபாடு வடிவத்தோடு நிற்பதில்லை. பாதை என்பதன் பொருளே இவற்றுள் ஒன்றுக்கொன்று வேறாகிறது.

எல்லையின் சிக்கல்: டி.ஜி.எஃப்-பீட்டா

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். டி.ஜி.எஃப்-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணி தன் ஏற்பியில் பிணைந்து, ஸ்மாட்2, ஸ்மாட்3 ஆகிய புரதங்களைப் பாஸ்பரிகரணம் செய்விக்கிறது. அவை ஸ்மாட்4 உடன் சேர்ந்து உட்கருவினுள் செல்கின்றன. அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த பி.எம்.பி. காரணிகள் ஸ்மாட்1, ஸ்மாட்5, ஸ்மாட்9 வழியே செயற்படுகின்றன.

கெக்கில் 04350 என்னும் எண்ணுடைய வரைபடத்தின் பெயர் டி.ஜி.எஃப்-பீட்டா சமிக்ஞைப் பாதை. ஆயினும் அவ்வரைபடத்தினுள் டி.ஜி.எஃப்-பீட்டா மட்டுமன்றி பி.எம்.பி., ஆக்டிவின், நோடல் ஆகிய கிளைகளும் அடங்கியுள்ளன. பி.எம்.பி.யைத் தடுக்கும் நாகின் என்னும் புரதமும், பி.எம்.பி.யின் இலக்குகளான ஐ.டி. மரபணுக்களும் அதில் உண்டு. ரியாக்டோமிலோ டி.ஜி.எஃப்-பீட்டா குடும்பம் என்பது மேல்தலைப்பு, அதன்கீழ் டி.ஜி.எஃப்-பீட்டா ஏற்பி, பி.எம்.பி., ஆக்டிவின் என்பன தனித்தனிப் பாதைகள்.

ஓர் ஆய்வாளர் தம் சோதனையில் மிகுந்த மரபணுக்களின் பட்டியலைக் கெக்குடன் ஒப்பிடுகிறார் எனக் கொள்வோம். பட்டியலில் பி.எம்.பி.4, பி.எம்.பி.7, ஸ்மாட்1, ஐ.டி.1, ஐ.டி.2, ஐ.டி.3 ஆகியன உள்ளன. மென்பொருள் ‘டி.ஜி.எஃப்-பீட்டா சமிக்ஞைப் பாதை’ என விடையளிக்கும். ஆய்வாளரும் தம் செல்களில் டி.ஜி.எஃப்-பீட்டா செயற்படுகிறது என எழுதுவார். பட்டியலில் டி.ஜி.எஃப்-பீட்டாவோ அதன் ஏற்பியோ இல்லை என்பது அவர் கண்ணில் படாது. எபிதீலியச் செல்களில் டி.ஜி.எஃப்-பீட்டா ஐ.டி.1 மரபணுவை ஒடுக்குகிறது, பி.எம்.பி. அதைத் தூண்டுகிறது. எனவே அப்பட்டியல் சொல்ல வந்ததற்கு நேர்மாறான முடிவே ஆய்வேட்டில் இடம்பெறக்கூடும்.

இதில் கெக் செய்தது பிழையன்று. ஒரு பெருங்குடும்பத்தை ஒரே படத்தில் காட்டுவது கற்பித்தலுக்குப் பெரிதும் உதவும். இரு கிளைகளையும் முற்றாகப் பிரிப்பதும் முழு உண்மையாகாது. இரத்தநாள உட்படலச் செல்களில் டி.ஜி.எஃப்-பீட்டா ஸ்மாட்1, ஸ்மாட்5 ஆகியவற்றையும் தூண்டவல்லது. எல்லை இயற்கையிலேயே மங்கலானது. அம்மங்கலான இடத்தில் கோடு போட்டவர் தொகுப்பாளர். அக்கோட்டை வாசிக்காமல் தலைப்பை மட்டும் வாசித்ததே பிழை.

எல்லை மாறினால் எண் மாறும்

எல்லை வகுப்பது பெயர்ச் சிக்கலோடு முடிவதில்லை. புள்ளியியல் முடிவையும் அது மாற்றுகிறது. செறிவுப் பகுப்பாய்வு எனப்படும் முறை எளிய கேள்வியொன்றைக் கேட்கிறது: நம் பட்டியலில் இப்பாதையின் மரபணுக்கள் தற்செயலாக எதிர்பார்க்கத்தக்க அளவினும் மிகுதியாக உள்ளனவா?

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பின்புலமாக 20,000 மரபணுக்கள். ஆய்வாளரின் பட்டியலில் 400. ஒரு தரவுத்தளம் குறிப்பிட்ட பாதைக்கு 100 மரபணுக்களை வகுத்துள்ளது. தற்செயலாக எதிர்பார்க்கத்தக்கவை 2. கிடைத்தவை 8 எனில், அது தற்செயலாக நிகழும் வாய்ப்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று, முடிவு வலுவானது. மற்றொரு தரவுத்தளம் அதே பெயருடைய பாதைக்கு 200 மரபணுக்களை வகுத்துள்ளது. கூடுதலான நூறில் ஒன்றும் பட்டியலில் இல்லை; கிடைத்தவை அதே 8. இப்போது எதிர்பார்ப்பு 4. வாய்ப்பு நூறில் ஐந்தை ஒட்டி நிற்கும். பல பாதைகளை ஒருங்கே சோதிப்பதற்குரிய திருத்தத்தைச் செய்தால் இம்முடிவு நில்லாது. செல்லில் எதுவும் மாறவில்லை. சோதனைத் தரவும் அதுவே. தொகுப்பாளரின் கோடு மட்டுமே மாறியது.

அத்திருத்தமும் தரவுத்தளத்தைப் பொறுத்தது. கெக்கில் மனிதனுக்குரிய வரைபடங்கள் சில நூறு. ரியாக்டோமில் படிநிலையாக அடுக்கப்பட்ட பாதைகள் ஈராயிரத்துக்கும் மேல். ரியாக்டோமின் ஒரு மேல்நிலைப் பாதையும் அதன் கிளைகளும் பெரும்பாலும் அதே மரபணுக்களைக் கொண்டவையாதலால், ஒரே நிகழ்வு ஐந்தாறு தலைப்புகளில் வெளிப்பட்டு, பல சான்றுகள் ஒருங்கே கிடைத்தன போன்ற தோற்றத்தைத் தரும்.

இது கற்பனைக் கணக்கோடு நிற்கும் அச்சமன்று. 2019இல் ‘ஃபிரண்டியர்ஸ் இன் ஜெனிடிக்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, கெக், ரியாக்டோம், விக்கிபாத்வேஸ் மூன்றிலும் ஒன்றுக்கொன்று ஈடான பாதைகளைப் புற்றுநோய்த் தரவுகளுடன் ஒப்பிட்டு, தரவுத்தளத் தேர்வு முடிவுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுகிறது எனக் காட்டியது. ஆயினும் எந்தத் தரவுத்தளத்தை ஏன் தேர்ந்தோம் என்னும் விளக்கம் நம் ஆய்வேடுகளின் முறையியல் பகுதியில் அரிதாகவே காணப்படுகிறது.

சான்றும் அதன் சூழலும்

ஒவ்வோர் அம்புக்குறிக்கும் மேற்கோள் தருவது நெட்பாத், ரியாக்டோம், சிக்னோர் ஆகியவற்றின் பெருஞ்சிறப்பு. எனினும் மேற்கோள் இருப்பதாலேயே சூழல் காக்கப்பட்டதாகாது. டி-செல் ஏற்பியின் பாதையை எடுத்துக்கொள்வோம். இப்பாதையைப் பற்றிய நம் அறிவின் பெரும்பகுதி ஜுர்காட் என்னும் செல்வழியில் நிகழ்ந்த சோதனைகளால் கிடைத்தது. வெண்புற்று நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்ட இச்செல்வழி ஆய்வகத்தில் எளிதாக வளரும். அதனாலேயே உலகெங்கும் பரவியது.

இச்செல்களில் பிடென் என்னும் புரதம் இல்லை. பி.ஐ.3-கைனேஸ் உருவாக்கும் கொழுப்புச் சமிக்ஞையை அழித்து அடக்குவது பிடெனின் வேலை. அது இல்லாமையால் ஜுர்காட் செல்களில் அச்சமிக்ஞை எப்போதும் மிகுந்தே இருக்கிறது, ஐ.டி.கே. என்னும் கைனேஸ், தூண்டுதல் இல்லாதபோதும் செல்சவ்வில் தங்கியிருக்கிறது. இது 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. இயல்பான டி-செல்லில் ஏற்பி தூண்டப்பட்ட பின்னரே நிகழவேண்டிய ஒரு படி, ஜுர்காட்டில் முன்னரே நிகழ்ந்துவிடுகிறது.

ஆய்வுக்கட்டுரையைப் படிப்பவருக்கு இது எந்தச் செல்லில் நிகழ்ந்த சோதனை என்பது தெரியும். தரவுத்தளத்தின் பாதைப்படத்தைப் பார்ப்பவருக்கு, ஜுர்காட்டில் கண்ட ஓர் அம்பும், மனிதக் குருதியிலிருந்து பிரித்த டி-செல்லில் கண்ட ஓர் அம்பும், எலியில் கண்ட ஓர் அம்பும் ஒரே தடிப்பில் ஒரே நிறத்தில் தெரிகின்றன. அவை மூன்றும் சேர்ந்து நிகழும் ஒரு செல் இவ்வுலகில் எங்கும் இல்லாதிருக்கலாம். தொகுப்பின் ஆற்றலும் அதுவே, குறையும் அதுவே.

எந்தப் புரதம் மிகுதியாக ஆராயப்பட்டதோ அதற்கே மிகுதியான அம்புகள் கிடைக்கின்றன என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு குறை. மனித ஜீனோமில் 518 கைனேஸ்கள் உள்ளன என 2002இல் ஒரு கணக்கெடுப்பு வெளியானது. அவற்றுள் ஒரு சிறுபகுதியே ஆய்வுலகின் கவனத்தைப் பெற்றுள்ளது. நன்கறிந்த கைனேஸ் எல்லாப் பாதைகளிலும் இடம்பெறுவதால் எல்லாப் பகுப்பாய்விலும் அது தலைகாட்டுகிறது. தலைகாட்டுவதால் மேலும் ஆராயப்படுகிறது. அறியப்படாதது தரவுத்தளத்தில் இடம்பெறாமையால் எந்தப் பட்டியலிலும் தென்படாது. புதியதைக் கண்டறியப் பயன்படுத்தும் கருவி, பழையதையே திரும்பத் திரும்பக் காட்டும் கண்ணாடியாகிவிடும் இடர் இங்கு உண்டு.

உறுப்பினரும் விளைவும்: நெட்பாத்தின் பங்களிப்பு

நம் நாட்டு ஆய்வாளர்கள் பெரும்பாலும் கையாளுவது ஆர்.என்.ஏ. அளவுகளைத் தரும் தரவு. பாதையின் உறுப்பினர்களோ புரதங்கள். ஒரு பாதை தூண்டப்படும்போது அதன் உறுப்பினர்கள் பாஸ்பரிகரணம் அடைகின்றன, இடம்பெயர்கின்றன, பிணைகின்றன, அவற்றின் ஆர்.என்.ஏ. அளவு மாறவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ‘பாதையின் உறுப்பினர் மரபணுக்கள் பட்டியலில் மிகுந்துள்ளன’ என்பதிலிருந்து ‘பாதை செயற்பாட்டில் உள்ளது’ என்னும் முடிவுக்குச் செல்வது தாவல். அவ்வாறு தாவும் வாக்கியம் நம் ஆய்வேடுகளில் எத்தனை முறை எழுதப்படுகிறது என்பதை மேற்பார்வையாளர்கள் அறிவர்.

இவ்விடத்தில் நெட்பாத்தின் வடிவமைப்பு பாராட்டத்தக்கது. பாதையில் பங்குபெறும் மூலக்கூறுகளை ஒரு பட்டியலாகவும், அப்பாதை தூண்டப்பட்டால் படியெடுத்தல் அளவில் மிகும் அல்லது குறையும் மரபணுக்களை வேறு பட்டியலாகவும் அது பிரித்து வைத்தது. முதற்பட்டியல் வினையாற்றுவோர், இரண்டாவது பட்டியல் வினையின் விளைவு. ஆர்.என்.ஏ. தரவை வைத்துப் பாதையின் செயற்பாட்டை ஊகிக்க விரும்புவோர் ஒப்பிடவேண்டியது இரண்டாவது பட்டியலோடு. அப்பட்டியலும் குறிப்பிட்ட செல்வகைகளிலும் குறிப்பிட்ட நேர அளவுகளிலும் செய்த சோதனைகளின் தொகுப்பே என்னும் எச்சரிக்கையோடு இதைச் செய்யலாம்.

இக்குழு 2011இல் நெட்ஸ்லிம் என்னும் பெயரில் மேலும் கடுமையான ஏற்புவிதிகளைக் கொண்டு, உறுதிமிக்க வினைகளை மட்டும் வைத்து மெலிந்த வரைபடங்களை வெளியிட்டது. விரிந்த தொகுப்பு, செறிந்த தொகுப்பு என இரண்டையும் ஒரே குழு அருகருகே வைத்தது குறிப்பிடத்தக்கது. ஏற்புவிதி மாறினால் பாதை மாறும் என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட செயல் அது. பெருந்தரவுத்தளங்களின் நிழலில் இம்முயற்சி இந்தியப் பல்கலைக்கழகப் பாடத்திட்டங்களில் பெறவேண்டிய இடத்தைப் பெறவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

உறைந்துபோன பதிப்புகள்

தரவுத்தளம் உருவாக்க நிதி கிடைக்கும். பேண நிதி கிடைப்பது அரிது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனமும் நேச்சர் பதிப்புக் குழுமமும் 2006இல் தொடங்கிய பாதை வினையாட்டத் தரவுத்தளத்தின் தொகுப்புப்பணி 2012இல் நின்றது. பயோகார்ட்டா என்னும் நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த பாதைகளும் அவ்வாறே தேங்கின. மனிதப் புரத மேற்கோள் தரவுத்தளத்தின் 9ஆம் வெளியீடு 2010இல் வந்தது. அதுவே இறுதி வெளியீடாக அமைந்தது.

இவை மறைந்துவிடவில்லை என்பதுதான் சிக்கல். பிராட் நிறுவனம் பேணும் எம்.எஸ்.சிக்.டி.பி. என்னும் மரபணுத் தொகுதிக் களஞ்சியத்தில் பயோகார்ட்டாவும் பாதை வினையாட்டத் தரவுத்தளமும் இன்றும் தனிப்பிரிவுகளாக உள்ளன. களஞ்சியம் புதிய எண்ணுடன் வெளியாகும்போது, அதனுள் இருக்கும் பழைய பாதைகளும் புதியவை போலத் தோன்றுகின்றன. அட்டை புதிது, உள்ளே இருப்பது பழைய அச்சு.

கெக்கின் கதை வேறு. நிதி நெருக்கடியால் 2011 ஜூலை முதல் அதன் மொத்தத் தரவிறக்கம் கட்டணச் சந்தாவுக்கு மாறியது. இணையதளத்தில் பாதைகளைப் பார்ப்பது கல்விப்பணிக்குத் திறந்தே இருந்தாலும், மொத்தத் தரவைத் தம்முள் அடக்கிய மென்பொருள்கள் பழைய தரவோடு நின்றன. பயோகண்டக்டரில் இருந்த கெக்.டி.பி. என்னும் பொதி 2011ஆம் ஆண்டுத் தரவையே பின்னும் பல ஆண்டுகள் சுமந்தது. அதைப் பயன்படுத்திய ஆய்வாளர் கட்டுரையில் ‘கெக் தரவுத்தளம்’ என்றுதான் எழுதினார். எந்த ஆண்டுக் கெக் என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை.

இதன் விளைவை 2016இல் ‘நேச்சர் மெத்தட்ஸ்’ இதழில் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. 2015இல் வெளியானவற்றுள் அவ்வாய்வினர் எடுத்துக்கொண்ட ஏறத்தாழ 3,900 கட்டுரைகளில் 67 விழுக்காடு, காலங்கடந்த தரவைக் கொண்ட மென்பொருளையே மேற்கோள் காட்டின. அத்தகைய மென்பொருள், புதிய தரவால் வெளிப்படும் உயிரியல் நிகழ்வுகளிலும் பாதைகளிலும் 26 விழுக்காட்டையே காட்டியது. எஞ்சியவை அந்த ஆய்வாளர்களின் சோதனைத் தரவில் இருந்தும் அவர்கள் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. அரிய மாதிரிகளைத் திரட்டி, பெருஞ்செலவில் வரிசைப்படுத்திய தரவு, பழைய பட்டியலொன்றால் வாய்மூடப்பட்டது எனலாம்.

எதிர்வாதங்கள்

இத்திறனாய்வுக்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, எல்லாத் தரவுத்தளங்களையும் ஒன்றாக இணைத்துவிட்டால் வேறுபாடு தீரும் என்பது. பயோபேக்ஸ் போன்ற பொதுவடிவங்களும் பாத்வே காமன்ஸ் போன்ற இணைப்பு முயற்சிகளும் பெரும் பயன் தருபவை. ஆயினும் இணைப்பதால் எல்லைச் சிக்கல் தீர்வதில்லை. இணைப்பவர் வகுக்கும் புதிய எல்லையாக அது மாறுகிறது. ஐந்து பதிப்புகளின் பாடங்களையும் கலந்தால் ஆறாவது பதிப்பு கிடைக்கும், மூலம் கிடைக்காது.

இரண்டாவது, கணினியே ஆய்வுக்கட்டுரைகளைப் படித்துப் பாதைகளை அமைக்கும் காலம் வந்துவிட்டது, மனிதத் தொகுப்பாளர் இனித் தேவையில்லை என்பது. ‘இப்புரதம் அப்புரதத்தைத் தூண்டுகிறது’ என்னும் வாக்கியத்தைக் கணினி எடுத்துத் தரலாம். அது முடிவுரையில் எழுதப்பட்ட ஊகமா, படத்தில் காட்டப்பட்ட சோதனையா, புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்வித்த செல்லில் மட்டும் கண்டதா என்பதை ஆராய்ந்து ஏற்பதும் தள்ளுவதும் தீர்ப்பு. தீர்ப்பை யார் அளித்தாலும் அதற்கு விதியும் பொறுப்பும் வேண்டும். நல்ல தரவுத்தளங்கள் தம் ஏற்புவிதிகளை வெளியிட்டுள்ளன. அவற்றை நாம்தான் படிப்பதில்லை.

தொகுப்பாளர்களின் உழைப்பு பெரும்பாலும் பெயரற்றது என்பதையும் இங்குச் சொல்லவேண்டும். ஒரு வினையைப் பதிவதற்குப் பத்துக் கட்டுரைகளைப் படித்து ஒன்பதைத் தள்ளிய இளம் ஆய்வாளரின் பணி, பணிநியமனக் குழுக்களின் மதிப்பெண் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் அடங்குவதில்லை. பதிப்பாசிரியரை ஆசிரியராக மதிக்கத் தமிழாய்வுலகம் கற்றுக்கொண்டது. உயிரியல் ஆய்வுலகம் தன் தொகுப்பாளர்களுக்கு அம்மதிப்பை இன்னும் முழுமையாக அளிக்கவில்லை. மதிப்பில்லாத பணி தொடராது. தொடராத பணியே உறைந்த தரவுத்தளமாக எஞ்சுகிறது.

முடிவுரை

சமிக்ஞைப் பாதைத் தரவுத்தளங்கள் இன்றி இன்றைய உயிரியல் இயங்காது. அவற்றைக் குறைகூறி ஒதுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவற்றை வாசிக்கவேண்டும் என்பதே இதன் வேண்டுகோள். மேற்கண்ட ஆய்விலிருந்து ஆய்வு மாணவரும் மேற்பார்வையாளரும் உடனடியாகக் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளைத் தொகுத்துக் கூறலாம்.

1. பாதைப் பகுப்பாய்வு இடம்பெறும் ஒவ்வோர் ஆய்வேட்டிலும் தரவுத்தளத்தின் பெயரோடு அதன் பதிப்பு எண்ணும் தரவு பெறப்பட்ட நாளும் குறிக்கப்படவேண்டும். மென்பொருளின் பெயரை மட்டும் சொல்வது போதாது.

2. முதன்மை முடிவாக முன்வைக்கப்படும் பாதையின் மரபணுப் பட்டியலைத் திறந்து, முடிவுக்குக் காரணமான மரபணுக்களை அட்டவணையில் காட்டவேண்டும். டி.ஜி.எஃப்-பீட்டா என்று எழுதுமுன் அதற்குள் இருப்பது பி.எம்.பி.யா என்பது அப்போதே விளங்கும்.

3. அதே பகுப்பாய்வை வேறு கொள்கையுடைய மற்றொரு தரவுத்தளத்திலும் செய்து, ஒத்த முடிவுகளையும் ஒவ்வாத முடிவுகளையும் ஒருங்கே தரவேண்டும். ஒவ்வாமை மறைக்கத்தக்கதன்று, பாடவேறுபாட்டைப் போல அதுவும் ஒரு சான்று.

4. ஆர்.என்.ஏ. தரவை மட்டும் கொண்டு பாதை ‘செயற்படுகிறது’ என எழுதுவதைத் தவிர்க்கவேண்டும். அவ்வாறு எழுதவேண்டுமாயின் விளைவு மரபணுக்களின் பட்டியலோடு ஒப்பிடவோ, புரத அளவில் சோதிக்கவோ வேண்டும்.

5. ஆய்வின் மையமான ஓரிரு அம்புக்குறிகளுக்கேனும் தரவுத்தளம் சுட்டும் மூலக்கட்டுரையைப் படித்து, அது எந்தச் செல்லில் நிகழ்ந்த சோதனை என்பதை அறியவேண்டும்.

இவற்றுள் ஐந்தாவதே கடினமானது, பயன்மிக்கதும் அதுவே. ஒரு மாணவர் தம் ஆய்வுக்காலத்தில் ஒரு பாதையின் பத்து அம்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவர் அத்தரவுத்தளத்தின் பயனாளர் நிலையிலிருந்து அதன் மதிப்பீட்டாளர் நிலைக்கு உயர்கிறார். காணும் பிழையை விக்கிபாத்வேஸில் தாமே திருத்தலாம். ரியாக்டோமின் தொகுப்பாளர்களுக்கு எழுதலாம். பெங்களூருவில் இளம் ஆய்வாளர்கள் சிலர் கட்டுரை கட்டுரையாகப் படித்து உலகுக்கு ஒரு தரவுத்தளத்தை அளிக்க முடிந்தது என்றால், மாநிலப் பல்கலைக்கழகங்களின் ஆய்வுக்கூடங்களில் ஒரு பாதையையேனும் சான்றாய்ந்து பார்ப்பது இயலாத செயலன்று.